பூஜ்யம் வராத கணக்கு

அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகளைப் படம் போட ஒரு நேர்கோடும் நடுவில் ஓர் அம்பும் போதும். குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளூவானைத்தான் ஸ்பிரிங் கம்பி மாதிரி சுருள் சுருளாக வரைய வேண்டும். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. என் குளூவான்கள் தடித்துத் தொடங்கும், பாதியில் சோர்ந்து போகும், முடிகிற இடம் தெரியாமல் எங்கேயோ முடியும். கூடப் படித்த என் நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது குளூவானா, மீ கோரெங்கா லா?" என்பான், தட்டில் கொட்டிய வறுத்த நூடுல்ஸைச் சொல்லி. அவன் கையில் சுருள்கள் அச்சில் வார்த்தது போல வரும். படம் அழகாக இருந்தால் விடை சரியாகிவிடுமா என்று நானும் பதிலுக்குச் சீண்டுவேன். அப்படிச் சீண்டியதை இன்று நினைத்தால் வாயில் கசக்கிறது.

அவன் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் மூத்த மகன். நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டு லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பா எங்களை ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு பலகை வீட்டுக்குக் கூட்டி வந்தார். பாலுக்கு ரப்பர் மரம் சீவிப் பழகிய கையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் இரும்புப் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போனார். ஈப்போவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்கும்போது அவனும் நானும் ஒரே பெஞ்சு. பினாங்கில் பட்டப்படிப்பில் ஒரே வகுப்பு. அதற்கு மேல் முதுகலை ஆய்வுக்கும் ஒரே ஆசிரியரிடம் போய் நின்றோம். அது எண்பதுகளின் தொடக்கம்.

ஆசிரியர் வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். எலக்ட்ரானும் ஒளியும் மோதுகிற கணக்குகளில் ஊறினவர். குவார்க், குளூவான் எல்லாம் அவருக்கும் ஓரளவு புதுசுதான். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கணக்கு கொடுத்தார். இரண்டு வேறு வேறு குவார்க்குகள் மோதி விலகுவது எனக்கு. அதற்கு ஒரே ஒரு படம். குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் மோதி மறைந்து இரண்டு குளூவான்கள் வெளியே வருவது அவனுக்கு. அதற்கு மூன்று படங்கள், மூன்றாவதில் மூன்று குளூவான்கள் ஒரே புள்ளியில் கூடுகின்றன. அந்தப் புள்ளிக்கான விதியே ஒரு வரி நீளம். கெட்டிக்காரனுக்குக் கடினமானதைக் கொடுத்தார், எனக்குத் தெரிந்ததைக் கொடுத்தார். எனக்கு அப்போது கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

படத்தைப் பார்த்துச் சிதறல் வீச்சை எழுதுவது ஒன்றும் மந்திரமில்லை. படத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும், கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விதி உண்டு. குவார்க்கின் அம்புக்கு எதிர்த் திசையில் நடந்துகொண்டே விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டும். வரிசை மாறக் கூடாது. எல்லாப் படங்களுக்கும் எழுதிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைதான் வீச்சு. அதை வர்க்கப்படுத்தினால் அப்படி ஒரு மோதல் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று தெரியும். எழுதுவது எளிது. எழுதியதை விரித்துச் சுருக்குவதில்தான் முதுகு ஒடியும். ஒரு கழித்தல் குறி எங்காவது தவறினால் அதற்குப் பிறகு வரும் எல்லாத் தாளும் குப்பை.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் கணக்கை மற்றவனும் முதலிலிருந்து தனியாகப் போடுவான். நடுவில் பேச்சு கிடையாது, எட்டிப் பார்ப்பது கிடையாது. முடிந்த பிறகு இருவரும் கடைசி வரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஒன்றாக இருந்தால் சரி. என் கணக்கை அப்படித்தான் முடித்தோம். முதல் தடவையே ஒத்துப்போனது. அவன் கணக்கைத் தொடங்கும்போது ஆசிரியரின் ஒப்பந்தம் முடிந்துபோனது. புதுப்பிக்கவில்லை. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் நாட்டுக்குப் போய்விட்டார். துறையில் குளூவான் என்ற சொல்லைக் கேட்டிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அதே சமயத்தில் அவனுடைய அத்தாவுக்குச் சீனி வியாதி முற்றி, ஈப்போ ஆஸ்பத்திரியில் கால் விரலை எடுத்துவிட்டார்கள். மனிதர் நியாயமானவர். கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே மகனிடம் சொன்னார்.

"நீ இதப் பாஸ் பண்ணிட்டின்னா எந்த நாட்டுக்கு வேணாலும் போ. கடைய வித்தாவது அனுப்புறேன். முடியலேன்னா நோன்புப் பெருநாள் கழிச்சு கல்லாவுல உக்காரு. நடுவுல நிக்காதே. நம்மளால அது தாங்க முடியாது."

அவன் சரி என்றான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தால் அந்த ஆண்டே வரலாம் என்று சொல்லியிருந்தது. அடுத்த ஆண்டுக்கு வாக்குறுதி இல்லை. ஆக, அந்தக் கணக்கு முடிந்தால் அவன் இயற்பியல்காரன். முடியாவிட்டால் கடைக்காரன். இதில் புரியாதது ஒன்றுமில்லை.

நோன்பு மாதம் பிறந்தது. பகலில் கடைக்கு வேலையில்லை. பிற்பகலுக்கு மேல்தான் அடுப்பு மூட்டுவார்கள். கடையின் மாடி அறையில் வெங்காய மூட்டைகளும் வேலையாட்களின் பாய்களும் கிடக்கும். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். நான் ஜெலாப்பாங்கிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். சோறு கட்டிக் கொடுக்கும் பழுப்புத் தாளில்தான் எழுதுவோம். அகலமான தாள், ஒரு வரியை மடக்காமல் எழுதலாம். அவன் நோன்பு. எனக்கு நோன்பு இல்லை என்றாலும் அவன் முன்னால் எதைச் சாப்பிடுவது? பசி தாங்காமல், "உன் கூட சேர்ந்து எனக்கும் சொர்க்கத்துல ஒரு எடம் போட்டு வைடா" என்று முணுமுணுப்பேன். "உனக்கு மீ கோரெங் கடையில எடம் வைக்கச் சொல்றேன்" என்பான், தலை நிமிராமல். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது கீழே எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி இருக்கும். அந்த முதல் வாரங்களில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

கடைசி வரிகளை அருகருகே வைத்த அன்று இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நான் கத்தியதைக் கேட்டுக் கீழே இருந்து கடையில் வேலை செய்யும் ஓர் அண்ணன், "என்ன தம்பி, பாம்பா?" என்று கேட்டார். நான் துள்ளிக்கொண்டிருக்க, அவன் மட்டும், "இரு, டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்" என்றான்.

அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும். குளூவான், ஒளியைப் போலவே, தான் ஓடும் திசைக்குக் குறுக்காகத்தான் அதிர முடியும். ஓடும் திசையிலேயே அதிர்கிற குளூவான் இயற்கையில் கிடையாது. ஆகவே வீச்சில் ஒரு குளூவானின் அதிர்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அது ஓடும் திசையைப் போட்டால், மூன்று படங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் வர வேண்டும். ஒளிக் கணக்குகளில் அப்படித்தான் வரும். ஆசிரியர் எங்களை அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்திருக்கிறார். பூஜ்யம் வராத வீச்சை எனக்குக் காட்டாதே என்பார்.

அவன் செய்தான். பூஜ்யம் வரவில்லை. பெரும்பகுதி அடிபட்டுப் போய், அந்தக் கூட்டலில் ஒரே ஒரு உறுப்பு மட்டும் மிஞ்சி நின்றது. நான் செய்தேன். அதே உறுப்பு எனக்கும் மிஞ்சியது.

தனித்தனியாகப் போட்ட இருவருக்கும் எப்படி ஒரே தவறு வரும்? அவன்தான் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தான். மூன்று குளூவான் புள்ளியின் விதியை ஆசிரியர் பலகையில் எழுதிய அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. அவன் எழுதிக்கொண்டதைத்தான் நான் பார்த்து எழுதினேன்.

"அப்போ நான்தான் போர்டுலேர்ந்து பிளஸ் மைனஸ் சைன் தப்பா எழுதிருக்கேன் மச்சான். வேற எங்கேயும் இல்ல. என் கைதான்."

பினாங்கில் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஓடினோம். அந்த விதி இருக்கும் இதழ் பைண்டிங்குக்குப் போயிருந்தது. வேறொரு கட்டுரை கிடைத்தது. அதில் அந்தக் குறி எங்களுக்கு நேர்மாறாக இருந்தது! அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆளுக்கு ஆள் எழுதும் வழக்கு வேறு, ஒருவர் கூட்டல் என்று வைத்துக்கொள்வதை இன்னொருவர் கழித்தல் என்று வைத்துக்கொள்வார், மற்ற விதிகளும் அதற்கேற்ப மாறும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். திரும்பி வந்து குறியை மாற்றிப் போட்டான். மிஞ்சியது குறையவில்லை, மலையாகப் பெருத்தது. பழைய குறிக்கே திரும்பினான். மறுபடியும் அந்த ஒற்றை உறுப்பு வந்து நின்றது.

அதற்குப் பிறகு அந்த மாடி அறையில் நடந்ததை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவன் தன் கையை நம்புவதை விட்டுவிட்டான். ஒரு வரி எழுதுவான், மேல் வரியோடு ஒப்பிடுவான், மறுபடி ஒப்பிடுவான், தாளைக் கிழிப்பான். இரு மூன்று ஆறு என்பதைக்கூட விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். சுருள்கள் நெளிந்தன. நோன்பு திறக்கக் கீழே கூப்பிட்டால் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மாடிக்கே ஏறிவிடுவான். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சோதனைய விட்டுருடா. விடைய மட்டும் எழுதிக் குடு. இங்க எவனுக்குத் தெரியப் போவுது?"

"பூஜ்யம் வரலேன்னா அது விடையே இல்ல. நான் என்னத்தப் போயி குடுக்குறது? அத்தாகிட்ட பாஸ்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்போ இங்கேயே வெங்காயத்தோட கெட!"

அவன் இன்னொரு தாளை இழுத்து மறுபடி முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினான்.

பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது அத்தா மாடி ஏறி வந்தார். கட்டுப் போட்ட காலோடு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார். அவன் தொழுகைக்குப் போயிருந்த நேரம். மூட்டையின் மேல் அமர்ந்து மூச்சு வாங்கினார்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

"இன்னும் கொஞ்சம் மாமா."

"கொஞ்சம்னா? நான் அவசரப்படுத்தல. அவன் மூஞ்சிய என்னால பாக்க முடியல. தோத்தாலும் பரவால்ல, வாயத் தொறந்து சொல்லிட்டுக் கீழ வரச் சொல்லுங்க. புள்ள எனக்கு முழுசா வேணும்."

நான் தலையை ஆட்டினேன். தாள்கள் விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை.

பெருநாளன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு அவனே பிரியாணி வைத்தான். காலையில் தொழுதுவிட்டு வந்ததும் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வரல அத்தா. என் கையில தப்பு இருக்கு. எங்கன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாராம். கடை திறந்த முதல் நாள் காலையில் அவன் கல்லாவில் உட்கார்ந்தான்.

நான் பஸ்ஸில் அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபப்பட்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போன ஆசிரியர் மேல், பைண்டிங்குக்குப் போன இதழ் மேல், என் கணக்கு எளிதாக இருந்ததன் மேல். என் அப்பாவிடம் மகனுக்குக் கொடுப்பதற்கு ஒரு துடைப்பம்தான் இருந்தது. அதனால் என்னை யாரும் எங்கேயும் திரும்பக் கூப்பிடவில்லை. இல்லாதவனுக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் அது.

என் ஆய்வேடு தேறியது. குளிர் நாடு ஒன்றில் இடம் கிடைத்தது. கிளம்பும்போது அவன் கோலாலம்பூர் பஸ் வரைக்கும் வந்து சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தான். பஸ் நகரும்போது ஜன்னலோரம் நடந்து வந்துகொண்டே, "அங்க தெரிஞ்சவன் எவனாச்சும் இருந்தா கேளு மச்சான், நான் எங்க தப்பு பண்ணேன்னு" என்றான். கேட்கிறேன் என்றேன்.

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில், வேறு ஏதோ ஒரு பாடத்தின் நடுவே, விரிவுரையாளர் சுண்ணாம்புத் தூசியைத் தட்டிக்கொண்டே போகிற போக்கில் சொன்னார். ஒளிக் கணக்கில் பழகியவர்கள் எல்லோரும் குளூவானிடம் ஒரு தடவை ஏமாறுவார்கள். ஒளி ஒளியைத் தொடாது. அதனால் ஓர் ஒளித் துகளைச் சோதிக்கும்போது மற்றது எப்படி அதிர்கிறது என்று கவலைப்பட வேண்டாம், பூஜ்யம் தானாக வரும். குளூவானோ குளூவானைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதும் குறுக்காக மட்டும் அதிர்வதாக வைத்தால்தான் பூஜ்யம் வரும். இல்லாவிட்டால் ஓர் உறுப்பு மிஞ்சும். அது பிழையல்ல, மிஞ்சத்தான் வேண்டும். விடையிலும் இயற்கையில் இல்லாத அந்த அதிர்வுகளின் பங்கை ஒதுக்கிவிட்டுக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பலகையில் அந்த உறுப்பை எழுதினார். எனக்கு அதைத் தெரியும். மாடி அறையில் எத்தனையோ தாளின் கடைசி வரியாக அதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று நான் வகுப்பு முடிந்தும் எழவில்லை. அவன் கை சரியாக இருந்தது! ஒரு குறிகூடத் தவறவில்லை! கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. இதைக் கேட்கும்போது அவன் முகம் எப்படி மலரும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டேன். அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். ஜெலாப்பாங்கில் பையை வைத்துவிட்டு, அம்மா போட்ட தே ஓவை, அந்தப் பாலில்லாத டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் ஈப்போ பஸ்ஸைப் பிடித்தேன்.

மத்தியானக் கூட்டம் வடிந்த நேரம். அவன் கல்லாவில் இருந்தான். உடம்பு போட்டிருந்தது. தலைக்கு மேல் சுவரில் அத்தாவின் படம். அவர் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டான். நான் போன பிறகு கல்யாணமாகி மகன் பிறந்த கதையைச் சொன்னான். ஜெலாப்பாங்கில் இரண்டாவது கடை போடும் யோசனையைச் சொன்னான். நான் பொறுக்காமல் நடுவில் வெட்டினேன்.

"மச்சான், உன் சைன் சரி. நீ எங்கேயும் தப்பு பண்ணல."

அவன் என்னையே பார்த்தான். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். ஒளிப் பழக்கம், மற்ற குளூவானும் குறுக்காக மட்டும் என்று பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டேன், அவனுக்குப் புரிந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான், எனக்கு முன்னாலேயே போய் நிற்பான்.

"மிஞ்சினதுல ரெண்டாவது குளூவானோட திசை ஒட்டிக்கிட்டு இருக்கும்லா" என்றான் மெதுவாக. "குறுக்கா அதிர்ந்தா அது பூஜ்யமாயிரும்."

"அதேதான்!"

"அப்போ போர்டுலேர்ந்து நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"ஒரு புள்ளிகூட மாறல."

"அதத் தெரிஞ்சிருந்தா, முடிக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

நான் யோசிக்காமல் சொன்னேன். "ஒரு மத்தியானம்."

அவன் முகம் மலரவில்லை. நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். ஒரு கிழவர் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார். காசை வாங்கிப் போட்டுவிட்டு மீதியை எண்ணாமலே கொடுத்தான். கிழவர் போன பிறகும் இழுப்பறையை மூடவில்லை.

"இதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தியா?"

"நீதானே கேக்கச் சொன்ன?"

"எங்க தப்பு பண்ணேன்னு கேக்கச் சொன்னேன். தப்பே பண்ணலன்னு சொல்லச் சொல்லல." குரல் உயரவில்லை. "அத்தா சாவுற வரைக்கும் என்னப் பாத்து, உன் படிப்ப நான் கெடுத்துட்டேனான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இல்ல அத்தா, எனக்கு அந்தக் கை இல்லன்னு சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன். நம்பித்தான் மச்சான் நிம்மதியா இருந்தேன். இப்போ நாளைக்குக் காலையில நான் என்ன நெனச்சுக்கிட்டு இந்தக் கல்லாவுல வந்து உக்கார்றது?"